ஒலிக்கு நிறம் இருப்பவர்கள்: புலன் இணைவைக் கவிதையில் எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தங்கைக்கு ஒலிகள் நிறத்தோடு வருகின்றன. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவள் சொல்வதைக் கவிதையாக எழுதிப் பார்க்கத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. முதலில் எழுதியவை எல்லாம் தப்பு. ஏன் தப்பு என்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். அந்தக் கவிதைகளை வாசித்தவர்களும், அவளைப் போலவே ஒலியில் நிறம் காணும் சிலரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே பதிலோடு சேர்த்திருக்கிறேன்.

புலன் இணைவு என்றால் என்ன?

ஒரு புலனுக்கு வரும் தூண்டல், இன்னொரு புலனின் அனுபவத்தையும் தானாகவே கூட்டிக்கொண்டு வருவது. 'சேர்ந்து', 'உணர்தல்' என்ற பொருள் தரும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இதைச் சினஸ்தீசியா என்கிறார்கள். தமிழில் இன்னும் ஒரே சொல் நிலைக்கவில்லை; நான் புலன் இணைவு என்று எழுதுகிறேன்.

இதில் வகைகள் நிறைய. சிலருக்கு எழுத்துகளுக்கு நிறம் இருக்கும், சிலருக்குக் கிழமைகளுக்கு. சொல்லைக் கேட்டால் நாக்கில் சுவை வருபவர்களும் உண்டு. இங்கே நான் பேசுவது ஒலியைக் கேட்டதும் நிறமோ வடிவமோ தோன்றும் வகையைப் பற்றி மட்டும்.

எழுதுபவர்கள் இரண்டு விஷயங்களை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, இது அழைத்து வருவதில்லை, வேண்டாம் என்றாலும் போவதில்லை. இன்னொன்று, பெரும்பாலும் இது ஒருவழிப் பாதை. ஒலி கேட்டால் நிறம் வரும். அதே நிறத்தைச் சுவரில் பார்த்தால் ஒலி கேட்காது. 'சிவப்பைக் கண்டதும் காதில் முரசு' என்று எழுதினால் அது வேறு யாரோ ஒருவரின் அனுபவம், பெரும்பாலும் யாருடையதும் அல்ல.

உண்மையிலேயே கண்ணால் பார்க்கிறார்களா?

ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு நிறம் வெளியே, எதிரில் உள்ள வெளியில் தோன்றும். சிலருக்கு அது மனக்கண்ணில் மட்டும். 'எங்கேயும் தெரியவில்லை, ஆனால் அது பச்சை என்று தெரியும்' என்பவர்களும் இருக்கிறார்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் தன் நிறங்கள் உள்ளே தெரிபவை என்றுதான் சொன்னார். இசை கேட்கும்போது மட்டுமில்லாமல், இசைக்குறிப்பைத் தாளில் படிக்கும்போதும் அவருக்கு அவை வந்தன.

கவிதைக்கு இந்த வேறுபாடு முக்கியம். வெளியே தெரிகிறது என்றால் இடம் சொல்ல வேண்டும்: இடமா வலமா, அருகிலா தூரத்திலா. உள்ளே தெரிகிறது என்றால் 'சுவரில் படர்ந்தது', 'காற்றில் மிதந்தது' என்றெல்லாம் எழுதுவது பொய்யாகிவிடும். என் தங்கைக்கு வெளியேதான். ஆனால் அது எதிரில் இருக்கும் பொருளை மறைப்பதில்லை. கண்ணாடி ஜன்னலில் அறையின் நிழலும் வெளியே உள்ள தெருவும் ஒரே நேரத்தில் தெரியுமே, கிட்டத்தட்ட அந்த அளவுக்கு என்று ஒருமுறை சொன்னாள். உடனே, 'ஆனா அதை எழுதிடாத, அது உனக்குப் புரியறதுக்காகச் சொன்னது' என்றும் சொன்னாள்.

இது நோயா? கற்பனையா?

நோய் இல்லை. பெரும்பாலோருக்குப் பிறவியிலிருந்தே உள்ள புலனமைப்பு. குடும்பங்களில் தொடர்ந்து வருவதும் உண்டு. அரிதாக, மூளைக் காயத்துக்குப் பிறகோ சில போதைப்பொருள்களாலோ வருவதும் பதிவாகியிருக்கிறது. அது வேறு கதை.

கற்பனையும் இல்லை. சோதிக்க எளிய வழி இருக்கிறது. நிறைய ஒலிகளையோ சொற்களையோ கொடுத்து நிறம் கேட்பார்கள். வாரங்களோ மாதங்களோ கழித்து, முன்னறிவிப்பில்லாமல் மறுபடி கேட்பார்கள். புலன் இணைவு உள்ளவர்கள் அநேகமாக அதே நிறத்தை, அதே சாயலைச் சொல்வார்கள். மற்றவர்கள் நினைவில் வைத்துச் சொல்ல முயன்று, பாதிக்கு மேல் தவறவிடுவார்கள்.

எத்தனை பேருக்கு இருக்கிறது?

2006-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கின்படி, எல்லா வகைகளையும் சேர்த்து நூற்றுக்கு நான்கு பேருக்குச் சற்று மேல். அதில் கிழமைகளுக்கு நிறம் காண்பவர்களே அதிகம். ஒலிக்கு நிறம் காண்பவர்கள் அதைவிடக் குறைவு.

ஏன் வருகிறது?

இரண்டு விளக்கங்கள் முன்வைக்கப்படுகின்றன. மூளையில் பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளுக்கு இடையே வழக்கத்தைவிட அதிகமான தொடர்புகள் இருக்கின்றன என்பது ஒன்று. தொடர்புகள் எல்லோருக்கும் இருக்கின்றன, மற்றவர்களுக்கு அவை அடக்கப்படுகின்றன, இவர்களுக்கு அடக்கம் தளர்ந்திருக்கிறது என்பது மற்றது. முடிவு இன்னும் வரவில்லை. கவிதை எழுத இந்தக் கேள்விக்கு விடை தேவைப்படவும் இல்லை.

இதைச் சொல்லக் கவிதைதான் வேண்டுமா? உரைநடை போதாதா?

உரைநடை விளக்கும். நான் இப்போது செய்துகொண்டிருப்பது அதைத்தான். ஆனால் விளக்கும்போது 'ஒலியைக் கேட்டேன், அதனால் நிறம் தோன்றியது' என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்க வேண்டியிருக்கிறது. அங்கே நடப்பது அப்படி இல்லை. ஒலியும் நிறமும் ஒன்றாகவே வருகின்றன, ஒன்றாகவே போகின்றன. தங்கையைக் கேட்டால், அவை இரண்டு என்று பிரிப்பதே மற்றவர்களுக்காக அவள் செய்யும் வேலை என்பாள்.

கவிதையில் 'அதனால்' தேவையில்லை. இரண்டு வரிகளைப் பக்கத்தில் வைத்தால் போதும். வரி எங்கே முடிகிறது, எங்கே மூச்சு நிற்கிறது என்பதும் எழுதுபவர் கையில் இருக்கிறது. ஒலி எவ்வளவு நேரம் நீடித்ததோ அவ்வளவு நேரம் வாசகரை நிறத்தில் நிறுத்தி வைக்க முடியும்.

'வெண்கலக் குரல்', 'தேன் குரல்' என்று ஏற்கனவே சொல்கிறோமே. இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றல்ல, ஆனால் உறவு உண்டு. தமிழ் இந்த விஷயத்தில் செல்வம் நிறைந்த மொழி. குரலைக் கனத்தது என்கிறோம், மெலிந்தது என்கிறோம். கரகரப்பு என்பது தொட்டு உணரும் சொல். அதைத் தொண்டைக்கும் வைத்திருக்கிறோம். 'இனிய குரல்' என்னும்போது நாக்கின் சொல்லைக் காதுக்குக் கொடுக்கிறோம். 'பளீர்' என்ற சொல்லைப் பாருங்கள். விளக்கும் பளீரென்று எரிகிறது, கன்னத்தில் அறையும் பளீரென்று விழுகிறது. ஒளிக்கும் ஒலிக்கும் ஒரே சொல், நாம் யோசிப்பதுகூட இல்லை. வள்ளுவர் கேள்வி அதிகாரத்தின் கடைசிக் குறளில் 'செவியிற் சுவையுணரா' மக்களைப் பற்றிச் சொல்கிறார். செவிக்குச் சுவை உண்டு என்பது அங்கே விளக்கம் தேவைப்படாத செய்தி.

இவை எல்லாம் எல்லோருக்கும் பொதுவான பாலங்கள். வெண்கலக் குரல் என்று கேட்டால் யாருக்கும் கண்ணெதிரே வெண்கலம் தோன்றுவதில்லை. அந்தக் கணீர் நினைவுக்கு வருகிறது. புலன் இணைவு உள்ளவருக்குத் தோன்றுவது பொதுவானது அல்ல, அவருக்கு மட்டுமே உரியது. ரஷ்ய உளவியலாளர் லூரியா 1968-இல் வெளியான நூலில், நம்பமுடியாத நினைவாற்றல் கொண்ட ஷெரெஷெவ்ஸ்கி என்பவரைப் பற்றி எழுதினார். அவர் உளவியலாளர் வைகோட்ஸ்கியிடம், உங்கள் குரல் மஞ்சளாக, உதிர்ந்து உதிர்ந்து விழுகிறது என்று சொன்னாராம். அந்தக் குரலைக் கேட்ட வேறு யாரும் அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

அதனால் என் வழக்கம் இது: 'தேன் குரல்' மாதிரி ஏற்கனவே எல்லோர் வாயிலும் இருக்கும் தொடரை இந்தக் கவிதைகளில் ஒதுக்கிவிடுகிறேன். வாசகர் அதைக் கண்டதும் 'ஓ, தெரிந்ததுதான்' என்று தாண்டிப் போய்விடுவார். ஆனால் பளீர், கணீர், கரகர போன்ற ஒலிக்குறிப்புச் சொற்களைத் தாராளமாகப் பயன்படுத்துகிறேன். அவை ஏற்கனவே இரண்டு புலன்களுக்கு நடுவில் நிற்பவை.

உவமை நல்லதா, உருவகம் நல்லதா?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது. முதலில் எழுதிய ஒன்றை அப்படியே தருகிறேன். சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தது, தங்கை சட்டென்று திரும்பிப் பார்த்தாள். நான் எழுதியது:

கரண்டி விழுந்த ஓசை
வெள்ளி மின்னல் போல
அவள் கண்ணில் பாய்ந்தது

எனக்குப் பிடித்திருந்தது. காட்டினேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் சொன்னாள்: 'மின்னல் எங்க வந்துச்சு, அக்கா? கண்ணுல எதுவும் பாயல. வலப்பக்கம், தோள் உயரத்துல, ஒரு வெள்ளைக் கோடு. ஓரத்துல கொஞ்சம் துரு நிறம். கரண்டி தரையில ஆடி அடங்குற வரைக்கும் கோடும் ஆடுச்சு. அவ்ளோதான்.'

அவள் சொன்னதையே எழுதினேன்:

கரண்டி விழுந்தது.
வலத் தோள் உயரத்தில்
ஒரு வெள்ளைக் கோடு,
ஓரத்தில் துரு.
தரையில் அது ஆட ஆட
இதுவும் ஆடியது.
அடங்கியதும்
சுவர் பழையபடி சுவர்.

முதல் வடிவத்தில் 'போல' என்ற சொல் என்ன செய்தது என்று யோசித்துப் பார்த்தேன். 'போல' என்றாலே, உண்மையில் அப்படி இல்லை என்று ஒப்புக்கொள்வதாகிறது. அவள் கண்டது உண்மையில் அங்கே இருந்தது. அதை உவமையாக்கும்போது அவள் அனுபவத்தை என் அலங்காரமாக மாற்றிவிட்டேன். உருவகமும் அதேதான், 'ஓசை மின்னல்' என்று சேர்த்து எழுதினாலும், ஒன்றை இன்னொன்றாகப் பாவிக்கிறேன் என்றே பொருள்.

தண்டியலங்காரம் பொருளணிகளை வரிசைப்படுத்தும்போது உவமைக்கும் உருவகத்துக்கும் முன்னால், முதலாவதாகத் தன்மை அணியை வைக்கிறது. எந்தப் பொருளையும் அதன் மெய்யான இயல்பு விளங்கும்படி சொல்வது அந்த அணி. பள்ளிக்கூடத்தில் படித்தபோது, உள்ளதை உள்ளபடி சொல்வதில் அணி என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியிருந்தது. கரண்டிக் கவிதைக்குப் பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. புலன் இணைவுக் கவிதை வாசகருக்கு உருவகமாகத் தெரியலாம்; எழுதுபவர் அதைத் தன்மை அணியாகவே எழுத வேண்டும். வெள்ளைக் கோடு என்றால் வெள்ளைக் கோடு.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். எழுதி முடித்த கவிதையில் போல, மாதிரி, நிகர்த்த, என்னும் ஆகியவற்றை எல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். கவிதை நின்றால் அது அனுபவத்தின் மேல் நிற்கிறது. விழுந்தால் ஒப்புமையின் மேல் நின்றிருந்தது.

நிறங்களைச் சொல்லத் தமிழில் சொற்கள் போதுமா?

சொற்கள் போதும், ஆனால் சொல் மட்டும் போதாது. சிவப்பு என்று எழுதினால் வாசகர் கோபம் என்றோ ஆபத்து என்றோ படித்துவிடுவார். கருப்பு என்றால் துக்கம். என் தங்கைக்கு அவள் கேட்டதிலேயே மிக மென்மையான குரல், தாழ்ந்த, நிதானமான ஒரு பெண் குரல், சிவப்பு. அதைக் கவிதையில் 'சிவப்புக் குரல்' என்று மட்டும் எழுதியபோது படித்த எல்லோரும் சண்டைக் காட்சி என்று நினைத்தார்கள்.

இதற்கு நான் கண்ட வழி, நிறத்தோடு பரப்பையும் ஓரத்தையும் கனத்தையும் சேர்த்துச் சொல்வது. 'ஓரமில்லாத சிவப்பு, கம்பளியின் உட்புறம்' என்று எழுதிய பிறகு யாரும் கோபம் என்று சொல்லவில்லை. எழுத்தாளர் நபோகோவ் தன் நினைவுக் குறிப்புகளில் இதை அற்புதமாகச் செய்திருக்கிறார். அவருக்கு எழுத்துகளின் ஒலிகள் நிறமாக வந்தன. ஆங்கில எழுத்தான ஓ அவருக்கு வெறும் வெள்ளை அல்ல, தந்தத்தால் பின்புறம் செய்த கைக்கண்ணாடி. யூ என்பது ஆலிவ் மினுக்கமுள்ள பித்தளை. சிறுவனாக எழுத்துக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, இவற்றின் நிறமெல்லாம் தப்பு என்று அம்மாவிடம் சொன்னாராம். அம்மாவுக்கும் எழுத்துகளில் நிறம் தெரியும் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. சில எழுத்துகளுக்கு இருவருக்கும் ஒரே சாயல்கூட இருந்தது.

நம்மிடம் பொருளின் பெயரால் நிறத்தைச் சொல்லும் வழக்கம் பழையது. மயில்கழுத்து, கிளிப்பச்சை, மாந்தளிர், அரக்கு, துரு, சாம்பல், செங்கல். இவை 'நீலம்', 'பச்சை' என்பவற்றைவிடத் துல்லியமானவை. ஒரு எச்சரிக்கை மட்டும்: மயில்கழுத்து என்று எழுதினால் மயிலும் கூடவே வந்துவிடும். மயில் அந்தக் கவிதைக்குள் வரக்கூடாது என்றால் அரக்கு, துரு, சாம்பல் போன்ற அமைதியான சொற்களைத் தேடுவது நல்லது.

எந்த ஒலிக்கு எந்த நிறம் என்று பட்டியல் இருக்கிறதா?

இல்லை, இருக்கவும் முடியாது. ரஷ்ய இசையமைப்பாளர்கள் ஸ்க்ரியாபினும் ரிம்ஸ்கி-கோர்சகோவும் மேற்கத்திய இசையின் சுருதிகளுக்கு நிறம் சொன்னார்கள். சி மேஜர் என்ற சுருதி முதலாமவருக்குச் சிவப்பு, இரண்டாமவருக்கு வெள்ளை. டி மேஜர் இருவருக்கும் மஞ்சள், அது ஒரு தற்செயல். ஸ்க்ரியாபின் 1910-இல் முடித்த தன் 'புரோமித்தியஸ்' படைப்பில் நிறவிளக்குக்கென்று தனிப் பகுதியே எழுதினார். ஆனாலும் அவருக்கு இருந்தது பிறவிப் புலன் இணைவா, அவரே யோசித்து அமைத்த முறையா என்பதில் ஆய்வாளர்களுக்கு ஐயம் உண்டு. பிரெஞ்சுக் கவிஞர் ராம்போ உயிரெழுத்துகளுக்கு நிறம் கொடுத்து எழுதிய கவிதையையும் பலர் சாட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள். உயிரெழுத்துகளின் நிறத்தை நானாகப் புனைந்தேன் என்று அவரே பின்னர் எழுதினார். அவருடைய ஓ நீலம், நபோகோவின் ஓ தந்தக் கண்ணாடி.

பொதுவான போக்கு ஒன்று உண்டு. சுருதி ஏற ஏற நிறம் வெளிறும், இறங்க இறங்க இருளும். புலன் இணைவு இல்லாதவர்களிடம் ஊகித்துச் சொல்லச் சொன்னாலும் இதே போக்குத்தான் தெரிகிறது. கீச்சென்ற ஒலியைக் கரும்பழுப்பில் எழுதினால் வாசகருக்கு ஒரு இடறல் இருக்கும். அந்த மனிதருக்கு அது கரும்பழுப்பு என்றால் இடறட்டும், மாற்ற வேண்டாம்.

நிறப்பெயரே இல்லாமல், கவிதையின் ஓசையால் இதைக் காட்ட முடியுமா?

ஓரளவு முடியும். எனக்கு மிகப் பிடித்த பகுதியே இதுதான்.

தமிழில் 'வண்ணம்' என்றால் நிறம். யாப்பில் 'வண்ணம்' என்றால் செய்யுளின் ஓசைப் போக்கு. தொல்காப்பியர் செய்யுளியலில் இருபது வண்ணங்களைச் சொல்கிறார். வல்லிசை வண்ணத்தில் வல்லெழுத்து மிகும், மெல்லிசை வண்ணத்தில் மெல்லெழுத்து மிகும். நெடுஞ்சீர் வண்ணத்தில் நெட்டெழுத்துகள், குறுஞ்சீர் வண்ணத்தில் குற்றெழுத்துகள். அகைப்பு வண்ணம் அறுத்து அறுத்துப் போகும். நிறத்துக்கும் ஓசைக்கும் ஒரே பெயர் வைத்த மொழியில் ஒலியின் நிறத்தை எழுதுகிறோம் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

இதற்கு ஆய்வுப் பக்கமும் உண்டு. முனைமுனையான ஒரு வடிவம், குமிழ்குமிழான ஒரு வடிவம் இரண்டையும் காட்டி, எது 'கிகி', எது 'பூபா' என்று கேட்டால் கிட்டத்தட்ட எல்லோரும் முனையுள்ளதைக் கிகி என்கிறார்கள். நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரனும் ஹப்பார்டும் 2001-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, சுமார் 95 சதவீதம் பேரிடம் இதே விடைதான் வந்தது. கூர்மையை நாம் எல்லோரும் ஓரளவு காதால் உணர்கிறோம். எழுதுபவர் அந்தப் பொதுவான அளவை வைத்துத்தான் வாசகரை அழைத்துக்கொண்டு போக முடியும்.

மேசை மேல் அதிரும் கைபேசியைத் தங்கை 'கட்டம் கட்டமா வருது' என்றாள். அதை அகைப்பில் எழுதினேன்:

மேசையில் கைபேசி.
பழுப்புக் கட்டம்.
விட்டு.
பழுப்புக் கட்டம்.
விட்டு.
எட்டுக் கட்டம்.
எடுப்பார் இல்லை.

மின்விசிறிக்கு நேர்மாறாக:

மின்விசிறி
மெல்ல மெல்ல மெழுகுகிறது
அறை முழுவதையும்
மங்கிய ஊதாவால்

முதலாவதில் ட, க, ப நிறைந்திருக்கின்றன. இரண்டாவதில் ம, ன, ல, ழ. கைபேசிக் கவிதையில் பழுப்பு என்ற சொல்லை நீக்கினாலும் கட்டம் தெரியும். ஓசை மட்டும் வடிவத்தைக் கொண்டுவந்துவிடும், நிறத்தைக் கொண்டுவராது. நிறத்துக்குச் சொல் வேண்டும்.

எனக்குப் புலன் இணைவு இல்லை. நான் எழுதலாமா?

நான் எழுதுகிறேனே. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுத்தான் எழுதுகிறேன். கேட்கும்போது 'எது மாதிரி இருந்தது?' என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தக் கேள்விக்கு உவமைதான் பதிலாக வரும். கேட்டவருக்கு உதவ வேண்டும் என்று அவர்களும் எதையாவது தேடிச் சொல்வார்கள். எங்கே இருந்தது, எவ்வளவு பெரிது, ஓரம் கூர்மையா கரைந்ததா, அசைந்ததா நின்றதா, எப்போது போனது என்று கேளுங்கள். சத்தம் கூடினால் என்ன மாறுகிறது என்றும் கேளுங்கள். தங்கைக்குச் சத்தம் கூடினால் நிறம் மாறாது, அளவு கூடும். இன்னொருவருக்குப் பளபளப்புக் கூடுகிறதாம்.

எழுதியதை அவர்களிடம் காட்டுங்கள். 'அழகா இருக்கு' என்று மட்டும் சொன்னால் எங்கோ தப்பு. சரியாக வந்திருந்தால் அவர்கள் அழகைப் பற்றிப் பேசமாட்டார்கள். 'ஆனா கோடு இன்னும் கொஞ்சம் கீழ' என்பார்கள்.

எனக்குப் புலன் இணைவு உண்டு. எங்கிருந்து தொடங்குவது?

இசையிலிருந்து தொடங்க வேண்டாம். எல்லோரும் அங்கேதான் போகிறார்கள், அங்கே நிறங்கள் மிக அதிகம், பட்டியலாகிவிடும். கதவுக் கீல், சாவிக்கொத்து, நாற்காலி இழுபடும் ஓசை, தும்மல். ஒரே ஒரு ஒலி, எட்டு வரி போதும்.

தெரிந்தவர் ஒருவரின் குரல் அதற்கு அடுத்த படி. சளி பிடித்த அன்று அந்தக் குரலின் நிறம் என்ன ஆகிறது, தொலைபேசியில் வரும்போது என்ன குறைகிறது என்று கவனியுங்கள். அந்த மாற்றத்தில்தான் கவிதை கிடைக்கும்.

கவிதைக்குள் 'புலன் இணைவு' என்ற சொல்லைப் போடலாமா?

வேண்டாம். தலைப்பில்கூட வேண்டாம். அந்தச் சொல்லைப் பார்த்ததும் வாசகர் வரிகளை விட்டுவிட்டு ஒரு மருத்துவக் குறிப்பைப் படிப்பதாக நினைத்துக்கொள்வார்.

எல்லாம் அழகாகவே இருக்குமா?

இருக்காது. இதை மறைத்து எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. லூரியா ஷெரெஷெவ்ஸ்கிக்கு ஒரு கூர்மையான உச்ச ஒலியைக் கேட்கச் செய்தபோது, இளஞ்சிவப்பு வாணவேடிக்கை தெரிந்தது. கூடவே சொரசொரப்பும், உப்பு ஊறலின் அருவருப்பான சுவையும் வந்தன. கூட்டமான அறையில் பத்துப் பேர் பேசினால் தங்கை அரைமணி நேரத்தில் களைத்துவிடுவாள். எதிரில் இருப்பவரின் சொற்களைப் பிடிக்க முடியாமல் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் என்கிறாள். அதை எழுதியபோது நிறங்களை வர்ணிக்கவில்லை. வரிகளை ஒன்றன் நடுவில் ஒன்றாக நுழைத்து, எந்த வாக்கியமும் முடியாமல் விட்டேன். வாசித்தவர்கள் எரிச்சலாக இருந்தது என்றார்கள். அவள், சரியாக இருக்கிறது என்றாள்.

அமைதியை எப்படி எழுதுவது?

அமைதி என்றால் கருப்பு என்று ஊகித்து ஒருமுறை எழுதினேன். 'இல்ல, கருப்பும் ஒரு நிறம்தானே. எதுவும் இல்ல' என்றாள். கரண்டிக் கவிதையின் கடைசி வரி அங்கிருந்து வந்தது: சுவர் பழையபடி சுவர்.

இந்தக் கவிதைகளை வாய்விட்டு வாசித்தால் அவர்களுக்கு என்ன ஆகும்?

இதை நான் யோசித்தே இருக்கவில்லை. கரண்டிக் கவிதையைத் திருத்தி முடித்த அன்று, சந்தோஷத்தில் அவளுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். நடுவிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள். 'உன் குரல் பழுப்பு, அக்கா. நீ வெள்ளைக் கோடுன்னு சொல்றப்பவும் பழுப்பாத்தான் வருது. தாளைக் குடு, நானே படிச்சுக்கிறேன்.'

கொடுத்தேன். உதடு அசையாமல் படித்தாள்.